மேட்டில் முளைத்த சதுப்பு

சூரிய மின்சார நிறுவனத்தின் முதன்மை இயக்குநருடைய அறைக்குள் சூரியனுக்கு அனுமதி கிடையாது. சன்னல்களில் கனத்த திரை தொங்கியது. பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிந்தன. ‘கதிரவனே நம் கருவூலம்’ என்று சுவரில் பொன்னெழுத்தில் பதித்திருந்தார்கள். அதைப் படிப்பதற்காவது விளக்கு வேண்டுமல்லவா.

மேசைமேல் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. நிறுவனம் சூரியத் தகடுகள் பதிக்கப்போகிற நிலம் அது. மேலே ஒரு மேடு, நடுவில் சரிவு, கீழே தாழ்வான பகுதி. தாழ்வின் நடுவே ஓர் ஓடை சோம்பல் முறித்தபடி வளைந்து போனது. தாழ்வைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்குள் இருப்பது ஈரநிலம். அங்கே ஒரு கம்பம்கூட ஊன்றக் கூடாது. கோட்டுக்கு வெளியே காய்ந்த நிலம். அங்கே எதை வேண்டுமானாலும் ஊன்றிக்கொள்ளலாம்.

இயக்குநரின் வயிற்றெரிச்சல் மொத்தமும் அந்தக் கோட்டின் மேல்தான். மின்கம்பி வரிசை தாழ்வை ஒட்டிப் போகிறது. முதல் தகட்டை அங்கேதான் பதிக்க வேண்டும், அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எப்போதோ தீர்மானித்துவிட்டார். கோட்டைப் போட்டவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஈரநில ஆய்வாளர். அவள் காலணிச் சேறு கம்பளத்தில் விட்டு வந்த தடம் இன்னொரு வரைபடம் போல இருந்தது.

“மேடம், நான் தண்ணிக்கு விரோதி இல்ல,” என்றார் இயக்குநர். “தண்ணிதான் உயிர்னு ஒரு மாநாட்டுல முக்கால் மணி நேரம் பேசியிருக்கேன். ஆனா இதை ஓடைன்னுதான் எழுதணுமா? ஓடைன்னு கண்ணுல பட்டதும் சுற்றுச்சூழல் துறைக்காரங்க நிமிந்து உக்காந்துடறாங்க. வேற வார்த்தை போடலாமே. ‘நேர்கோட்டு ஈரப்பதம்’. எப்படி இருக்கு?”

“அது நேராக்கூட ஓடலையே சார்.”

“அப்ப ‘வளைகோட்டு ஈரப்பதம்’.”

வரைபடத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பொறியாளர் இருமினார். ஐம்பது வயது, வழுக்கை, ஒல்லி உடம்பு. இந்த நிறுவனத்தில் சிரிப்பு வந்தால் இருமிவிட வேண்டும் என்று சேர்ந்த புதிதிலேயே முடிவெடுத்தவர். அவருக்கு நுரையீரல் கோளாறு என்று அலுவலகம் முழுக்க நம்பியது.

“படுகை இருக்கு, ரெண்டு பக்கமும் கரை இருக்கு, உள்ள தண்ணி ஓடுது,” என்றாள் ஆய்வாளர். “மீன்கூட இருக்கு. பேரை மாத்தினா மீன் காலி பண்ணிட்டுப் போயிடுமா சார்?”

இயக்குநர் பின்னால் சாய்ந்தார். நாற்காலி பணிவோடு இடம் கொடுத்தது.

“சரி, நமக்குள்ள எதுக்கு வாக்குவாதம்? ஒரு பெரியவர் தீர்ப்பு சொல்லட்டும். களஞ்சியம் ஐயாவைக் கூப்பிட்டிருக்கேன்.”

ஆய்வாளரின் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

“அவர் வாயில வர்றதுதான் எங்க கடைசி வார்த்தைன்னு துறைக்குக் கடுதாசியும் போட்டாச்சு. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. அவர் உங்க கோட்டைச் சரின்னு சொல்லிட்டார்னா நான் அப்புறம் வாயே திறக்க மாட்டேன்.” பொறியாளர் மறுபடி இருமினார். “தப்புன்னு சொல்லிட்டார்னா, உங்களுக்குக் கோடு போடத் தெரியாதுன்னு இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சுடும். தெரியற மாதிரி நானே பார்த்துக்குவேன்.”

ஆய்வாளரின் அலுவலகம் அவள் வீட்டு முன்னறைதான். அதில் இரண்டு மேசை, இரண்டு பேர். இன்னொருத்தி அவள் கணவனின் தங்கை. மண்ணைப் பார்ப்பது அண்ணி, செடியைப் பார்ப்பது நாத்தனார், தண்ணீர் இருவருக்கும் பொது. குளிர்பெட்டியில் காய்கறிக்கு ஒரு தட்டு, சேற்றுக்கு இரண்டு தட்டு என்று பாகம் பிரித்திருந்தார்கள். வீட்டுக்காரர் எதை எடுத்தாலும் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

“களஞ்சியமா?” நாத்தனார் கையில் இருந்த கோரைப்புல்லைக் கீழே வைத்தாள். “கதை முடிஞ்சுது அண்ணி. பெயர்ப்பலகையைக் கழட்டி வெச்சுடுங்க. அண்ணன் துணி காயப்போட இடம் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

இருவரும் பல வருடம் களஞ்சியத்திடம் வேலை பார்த்தவர்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எதுவோ, தொழிலில் எல்லாரும் களஞ்சியம் என்றுதான் சொல்வார்கள். ஈரநிலவியலைக் கரைத்துக் குடித்தவர். அடுத்தவருக்கு ஒரு மடக்குகூட மிச்சம் வைக்காதவர். சேற்றில் இறங்குவது இவர்கள், அறிக்கை எழுதுவது இவர்கள், அட்டையில் கொட்டை எழுத்தில் வருவது அவர் பெயர். இவர்களின் பெயர்கள் கடைசிப் பக்கத்து நன்றியுரையில், கார் ஓட்டுநருக்கு அடுத்தபடியாக வரும். அதைச் சகிக்காமல்தான் வெளியே வந்து முன்னறையில் கடை விரித்தார்கள். தங்கள் பெயரில் போட்ட முதல் பெரிய கோடு இது. இது அழிந்தால் முன்னறை வெறும் முன்னறையாகிவிடும். இருவரும் திரும்பக் களஞ்சியத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

“அந்த மனுஷன் அவங்க கேக்கறதைச் சொல்லிட்டுப் போயிடுவாரா அண்ணி?”

“மாட்டார். தன்னைப் பத்திதான் அளந்து விடுவாரே ஒழிய, மண்ணைப் பத்திப் பொய் சொன்னதில்ல. நம்ம கோடு சரிதானே? மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் எதுக்கு?”

“மடியில கனம் இல்ல. வயித்துலதான் கலக்கம். நீங்க போட்ட கோடாச்சே.”

“நாம போட்ட கோடு.”

“ஜெயிச்சா நாம. தோத்தா நீங்க. நாத்தனாருக்கு இந்த உரிமைகூட இல்லையா?”

குறித்த நாளில் வெயில் கொளுத்தியது. சூரிய நிறுவனத்துக்கு ஏற்ற நாள் என்று இயக்குநர் காரை விட்டு இறங்காமலே மகிழ்ந்தார். நிலத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். அதற்குள் எல்லாரும் கூடியதும் களஞ்சியம் காரில் வாசல்வரை வந்து இறங்கினார். வெள்ளை முடி, விறைத்த முதுகு, தங்க விளிம்பு வைத்த புதுக் கண்ணாடி. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் மூலையில் எறும்பு வரிசை போல இருந்த எழுத்துகளை நாற்காலியில் இருந்தபடியே படித்துக் காட்டினார். அதில் ஓர் எழுத்துப்பிழையும் கண்டுபிடித்தார்.

“என்னம்மா, தனியாக் கடை போட்டுட்டீங்களாமே,” என்றார் இருவரையும் பார்த்து. “நல்லது, நல்லது. குஞ்சுக்கு இறக்கை முளைச்சா பறக்கத்தானே செய்யும். விழுந்தா எங்க வந்து விழணும்னு தெரியும்ல?”

“தெரியும் சார்,” என்றாள் நாத்தனார். “அந்தப் பக்கம் பறக்கவே மாட்டோம்.”

கொட்டகைக்கு வெளியே வந்ததும் களஞ்சியத்தின் நடை மாறிவிட்டது. படியைக் காலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். ஒவ்வோர் அடியையும் நிதானித்து வைத்தார். “பார், அறிவோட நடை,” என்று இயக்குநர் பொறியாளரிடம் கிசுகிசுத்துவிட்டுத் தானும் அதே மாதிரி நடக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் முட்டை மேல் நடப்பது போலத் தாழ்வுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பொறியாளர் துளைக்கருவியை நிலத்தில் ஊன்றித் திருகினார். கைப்பிடி வைத்த நீண்ட இரும்புத் திருகு அது. வெளியே இழுத்தால் நுனியில் ஆழத்து மண் சுருண்டு வரும். வந்த மண்ணைத் தட்டில் போட்டுக் களஞ்சியத்திடம் நீட்டினார்கள். கூடவே ஆய்வாளர் தன் பையிலிருந்து மண்நிறப் புத்தகத்தை எடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் சிறுசிறு வண்ணச் சில்லுகள் ஒட்டிய புத்தகம். மண்ணை ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த நிலத்தில் காற்றுப் படுகிற மண் பழுப்பு நிறம். வருடக்கணக்காக நீரில் ஊறிய மண் மூச்சு முட்டிச் சாம்பல் நிறமாகியிருக்கும். வழக்கு முழுவதும் இந்த இரண்டு நிறங்களுக்கு நடுவில்தான்.

களஞ்சியம் புத்தகத்தை ஒதுக்கினார். “அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு. என் கண்ணே புத்தகம்.” தட்டைக் கிட்டே கொண்டுபோனார், எட்டப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுபோனார். “சாம்பல். ஈரநிலம்.”

ஆய்வாளர் மூச்சு விட்டாள். இயக்குநர் பெரிய மனதோடு தலையசைத்தார். எடுத்த எடுப்பிலேயே தலைகீழாகச் சொன்னால் தீர்ப்புக்கு மரியாதை இருக்காது, கோட்டின் ஓரத்துக்குப் போனால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் கொடுப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

கோட்டைத் தாண்டிச் சரிவில் துளை போட்டார்கள்.

“சாம்பல்,” என்றார் களஞ்சியம்.

நாத்தனாரின் கை ஆய்வாளரின் முழங்கையைப் பிடித்தது. இயக்குநர் புன்னகையை முகத்திலேயே வைத்திருந்தார், எடுக்க மறந்துவிட்டார். இன்னும் மேலே போனார்கள். அங்கேயும் சாம்பல். கடைசியில் மேட்டின் உச்சிக்கே ஏறினார்கள். காய்ந்த புல், முள்செடி, ஆளுயரத்துக்கு ஒரு கறையான் புற்று, பக்கத்தில் ஒரு முயல் வளை. பொறியாளர் வியர்க்க வியர்க்கத் திருகினார். உள்ளே துளைக்கருவி காய்ந்த ஓட்டில் உரசினாற்போலக் கிறீச்சிட்டது.

“சாம்பல்.”

“ஐயா,” என்றார் இயக்குநர், “இது மேடு.”

“அதனால என்ன? சதுப்புக்கு மேடு பள்ளம்னு பேதம் கிடையாது.”

“முயல் குடியிருக்கு ஐயா.”

“நீச்சல் தெரிஞ்ச முயலா இருக்கும் சார்,” என்று பொறியாளர் முணுமுணுத்துவிட்டு நீண்ட நேரம் இருமினார்.

நாத்தனாரால் பொறுக்க முடியவில்லை. “சார், ஈரநிலம்னா தண்ணி, மண், செடி மூணும் சாட்சி சொல்லணும்னு நீங்கதானே சொல்வீங்க. இங்க இருக்கிற புல்லுல ஒண்ணுகூட நனைஞ்ச வேரைத் தாங்காது.”

“செடி பொய் சொல்லும்மா. மண் சொல்லாது.” களஞ்சியத்தின் குரல் வழக்கத்தைவிடக் கறாராக இருந்தது. “இதுக்குப் பேர் தொங்கு சதுப்பு. ரொம்ப அபூர்வம். இதைப் பத்தி நான் ஒரு கட்டுரை எழுதப்போறேன்.”

“அப்ப தகடெல்லாம் எங்க வைக்கிறது?” என்றார் இயக்குநர்.

“இங்க வைக்க முடியாது. மொத்த நிலமும் ஈரநிலம்.”

இவர் வாயில் வருவதே கடைசி வார்த்தை என்று தானே துறைக்கு எழுதிக்கொடுத்தது இயக்குநருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பூதத்துக்குக் கார் அனுப்பி வரவழைத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

நாத்தனார் ஆய்வாளரைப் புற்றுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. “அண்ணி, யோசிச்சுப் பாருங்க. நம்ம கோடு போனாப் போகட்டும். மொத்த நிலமும் தவளைக்குப் பட்டா போட்ட மாதிரி ஆயிடும். இந்த ஆளால ஒரு தகடு வைக்க முடியாது. பேசாம இருந்துடலாம்.”

“இல்லாத சதுப்பை இருக்குன்னு எழுதினா, நாளைக்கு இருக்கிற சதுப்பை யாரு நம்புவா?”

“தவளை நம்பும்.”

“தவளை கையெழுத்துப் போடாது.”

“நாமளும் போட மாட்டோம் இனிமே. இவ்ளோ பெரிய சதுப்பைத் தவற விட்ட ரெண்டு குருடிங்கன்னு ஊரே சொல்லும். அது தெரிஞ்சுதான் சொல்றேன்.”

குருடி என்ற சொல்லில் ஆய்வாளர் நின்றாள். புற்றின் ஓரமாக எட்டிப் பார்த்தாள். களஞ்சியம் தனியே நின்று தட்டை மறுபடி கிட்டேயும் எட்டியும் பிடித்துக்கொண்டிருந்தார். வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. கண்ணாடி தார் பூசினாற்போலக் கறுத்திருந்தது. கொட்டகைக்குள் அதன் வழியாக அவர் கண்ணிமை துடித்ததுகூடத் தெரிந்ததே. அப்போது பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்த கண்ணாடி.

“ஐயோ பாவம்,” என்றாள் ஆய்வாளர்.

“யாரு, நாமளா?”

“அவர். எல்லாரும் கூலிங் கிளாஸ் போட்டிருக்கார்னு நினைச்சோம். அது வெயில்ல தானாக் கறுக்கிற கண்ணாடி. அது வழியாப் பார்த்தா உன் அண்ணனோட மஞ்சச் சட்டைகூடச் சாம்பலாத்தான் தெரியும்.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். “போய்ச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும், சத்தமா. எத்தனை வருஷத்துக் கடன் பாக்கி இருக்கு.”

ஆய்வாளருக்கும் ஒரு கணம் நாக்கு நமநமவென்றது. பிறகு இயக்குநரிடம் போய், “வெயில் தாங்கல சார். கொட்டகைக்குப் போய் நிழல்ல பேசலாமா? மேட்டு மண்ணையும் எடுத்துக்கலாம்,” என்றாள்.

கொட்டகைக்குள் மண்தட்டை நடு மேசையில் வைத்தார்கள். இயக்குநர் எழுந்து நின்றார். சட்டைக் கையைச் சரிசெய்தார். பொறியாளர் ஓசையில்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தார். அவருக்கு அனுபவம் உண்டு.

“ஐயா,” என்று தொடங்கினார் இயக்குநர். “மனிதன் முதன்முதலில் தலை நிமிர்ந்து பார்த்தபோது எதைப் பார்த்தான்? கதிரவனைப் பார்த்தான்.” பேச்சு அங்கிருந்து புறப்பட்டது. தாவரம் ஒளியைத் தின்பது, நிலக்கரியின் பாவங்கள், அவருடைய இளமைக்காலத்து வறுமை, அதில் ஒரே விளக்கை வைத்துக்கொண்டு படித்தது, வருங்காலச் சந்ததி, மறுபடி கதிரவன் என்று சுற்றி வந்தது. ஆய்வாளர் பேச்சைக் கேட்கவில்லை. களஞ்சியத்தின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலக்கரி வந்தபோது தார் நிறம் கொஞ்சம் தளர்ந்தது. வறுமை வந்தபோது தேநீர் நிறத்துக்கு வந்தது. சந்ததிகள் பிறந்தபோது கண் தெரிந்தது. இயக்குநர் குறைவாகப் பேசுகிறவராக இருந்திருந்தால் அன்றைய காரியம் கெட்டிருக்கும்.

“ஆகவே இந்த மண்ணைக் கேட்கிறேன்,” என்று இயக்குநர் தட்டை நோக்கிக் கை நீட்டினார். “நீ இருளின் பக்கமா, ஒளியின் பக்கமா?”

களஞ்சியம் தட்டைக் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார்.

“பழுப்பா இருக்கே,” என்றார்.

இயக்குநர் நீட்டிய கையை மடக்கவில்லை. அதைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார். “மனசு விட்டுப் பேசினா மண்ணும் மாறும்னு எங்கப்பா சொல்வார்,” என்றார் மெதுவாக. பொறியாளருக்கு அன்று வந்த இருமலுக்குக் கொட்டகை போதவில்லை. எழுந்து வெளியே ஓடிவிட்டார்.

களஞ்சியமோ மகிழவில்லை. முகம் வெளிறிவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், பின்வாசல் வழியாக வெயிலுக்குப் போனார். ஆய்வாளர் கொஞ்சம் விட்டுப் பின்னால் போனாள். கொட்டகைக்குப் பின்புறம் கவிழ்த்திருந்த ஒரு வாளியின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். தட்டு மடியில் இருந்தது. கண்ணாடி மறுபடி கறுத்துவிட்டது.

“திரும்பச் சாம்பலாயிடுச்சு,” என்றார். அது அவள் இதுவரை கேட்டிராத குரல். “யார்கிட்டயும் சொல்லாதேம்மா. கண்ணு போயிட்டிருக்கு. வெளிய வந்தா உலகமே அந்தி மாதிரி இருக்கு. உள்ள போனா கொஞ்ச நேரத்துல விடிஞ்சுடுது. கார்ல வர்றப்போ நல்லாத் தெரியுது, இறங்கினா மங்குது. இப்படி ஒரு நோய் உண்டான்னு கேக்கக்கூடப் பயந்துக்கிட்டு டாக்டர்கிட்ட போகல.”

“புத்தகத்தை ஏன் சார் வேணாம்னீங்க?”

“திறந்தா எல்லாப் பக்கமும் ஒண்ணு போலத் தெரியும்னுதான். அவங்க முன்னாடி எப்படித் திறக்கிறது? மண்ணு நிறம் தெரியாத களஞ்சியத்தை யாரு கூப்பிடுவா? காலிக் களஞ்சியத்துல எலிகூடத் தங்காது.” அவர் தட்டில் இருந்த மண்ணை விரலால் தொட்டார். “மேட்டுல சொல்றப்பவே தெரியும், எங்கயோ தப்புன்னு. வாய் நிக்க மாட்டேங்குது. தொங்கு சதுப்பாம். அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதும்மா.”

“தெரியும் சார். கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்க.”

“கழட்டினா எட்ட இருக்கிறது எதுவும் தெரியாதே.”

“மண்ணு எட்டவா இருக்கு? மடியிலதானே இருக்கு.”

கழற்றினார். தட்டை மூக்கு நுனிவரை தூக்கினார். நல்ல உச்சி வெயில், நல்ல பழுப்பு. மரப்பட்டை மாதிரியான, சந்தேகத்துக்கு இடமில்லாத, சொட்டு நீர் நின்றறியாத மேட்டுப் பழுப்பு. தட்டை இறக்கிவிட்டுக் கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். 

“இது எப்ப கறுத்துச்சு?”

“வெயில் பட்டாக் கறுக்கும் சார். நிழலுக்கு வந்தா மெல்ல வெளுக்கும். கார் கண்ணாடிக்குள்ள வெயிலோட வேகம் பாதி வராது, அதான் அங்க கறுக்கல. போட்டிருக்கிறவங்களுக்குத் தெரியாது. எதிர்ல நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.”

அவர் கண்ணாடியைக் கைநிழலில் மறைத்துப் பார்த்தார், வெயிலில் காட்டிப் பார்த்தார். பிறகு செல்பேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். மறுமுனைக் குரல் கொட்டகைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கிற அளவுக்கு வளமாக இருந்தது.

“நீ வாங்கித் தந்தியே, இந்தக் கண்ணாடி…”

“ஆமா, வெயில்ல கறுக்கிறது. ரெண்டு தடவை சொன்னேன். நீங்க அப்ப யாருக்கோ சதுப்பு நிலம்னா என்னன்னு விளக்கிட்டிருந்தீங்க. என்ன இப்போ, உடைச்சுட்டீங்களா?”

“இல்லம்மா,” என்றார் களஞ்சியம். “நல்லாத் தெரியுது. எல்லாம் ரொம்ப நல்லாத் தெரியுது.” சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. வாளியின் மேல் உட்கார்ந்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்த நீரில் நோய் எதுவும் இல்லை.

கொட்டகைக்குள் திரும்பி வந்தபோது முதுகு பழையபடி விறைத்திருந்தது. ஆனால் பேச்சு சுருங்கியிருந்தது. “இதுவரைக்கும் சொன்னதெல்லாம் இந்தக் கண்ணாடி சொன்னது,” என்று அதை மேசைமேல் வைத்தார். “வெயில்ல கறுக்கும்னு எனக்குத் தெரியல. இனிமே நான் சொல்றேன். அந்தப் புத்தகத்தைக் குடும்மா.”

அன்று பிற்பகல் முழுக்க ஓர் அரிய காட்சி நடந்தது. களஞ்சியம் ஒவ்வொரு துளை மண்ணையும் மூக்கருகே பிடித்துச் சில்லுச் சில்லாக ஒப்பிட்டார். எட்டப் பார்வை இல்லாததால் நடப்பதற்கு நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பள்ளம் வருது சார், பார்த்து. செடிதான் பொய் சொல்லும், நான் சொல்ல மாட்டேன்.”

“அதை அப்பவே மறந்துடக் கூடாதாம்மா?”

“எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல சார். அண்ணியைக் கேட்டுப் பாருங்க.”

மேடு பழுப்பு. சரிவு பழுப்பு. கோடு போகிற வழியெல்லாம் ஆய்வாளர் நட்டுவைத்திருந்த இளஞ்சிவப்புக் கொடிகளின் வரிசைக்குள் கால் வைத்ததும் சாம்பல், அதில் வேர் ஓடிய தடமெல்லாம் துரு நரம்புகள், அழுகிய முட்டை வாடை. ஒவ்வொரு கொடியாகக் கடந்தார். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். ஆய்வாளர் அந்தத் தலையசைப்பை ஒவ்வொன்றாக உள்ளே வாங்கிக்கொண்டாள். ஓடை திரும்புகிற இடத்தில் மட்டும் நின்றார். கொடிக்கு வெளியே தானே ஒரு பிடி மண் கிள்ளினார்.

“இதைப் பாரு.”

அவள் பார்த்தாள். சாம்பலில் மெல்லிய துரு இழைகள். கோடு போட்ட நாளில் பொழுது சாய்கிற நேரத்தில்தான் இந்த இடத்தைப் பார்த்திருந்தாள், வெளிச்சம் போதவில்லை. “ஆமா சார். நான் விட்டுட்டேன்,” என்றாள்.

களஞ்சியம் அந்த ஒரு கொடியைப் பிடுங்கி இரண்டு எட்டு மேலே நட்டார். “மத்தபடி உன் கோட்டுல கை வைக்க ஒண்ணும் இல்ல.”

“நம்ம கோடு,” என்று நாத்தனார் உடனே திருத்தினாள்.

இயக்குநர் வந்து வரைபடத்தைப் பார்த்தார். காலையில் இதே கோடு அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது. இடையில் மொத்த நிலமும் கையை விட்டுப் போய்த் திரும்பி வந்திருப்பதால் இப்போது அது ஒரு மாலை போலத் தெரிந்தது. மேட்டையும் சரிவையும் தன் நாவன்மையால் சதுப்பிலிருந்து மீட்டுவிட்டதாகவே அவர் மனதுக்குள் பதிந்துவிட்டது. கண்ணாடிக் கதை ஏதோ தொழில்நுட்ப விவரம் என்று விட்டுவிட்டார்.

“இந்தக் கோடே இருக்கட்டும்,” என்றார். “கீழ ஒரு கம்பம்கூட வேணாம். முதல் தகட்டை மேட்டுல வைக்கிறோம். படத்துக்கும் அதான் எடுப்பா இருக்கும்.”

“ஓடைன்னே எழுதிடலாமா சார்?” என்றாள் ஆய்வாளர்.

“தாராளமா எழுதுங்க. துறைக்கு நானே சொல்லிடறேன், பெரியவரும் இவங்களும் ஒரே முடிவுன்னு.” கை குலுக்கப் போனவர் அவள் கையில் இருந்த சேற்றைப் பார்த்துக் கும்பிட்டு நிறுத்திக்கொண்டார். “அடுத்த மாசம் இன்னொரு இடம் இருக்கு மேடம். அதையும் நீங்க ரெண்டு பேருமே பாருங்க. அங்க உங்களுக்கு வேலையே இருக்காது, பொட்டுத் தண்ணி கிடையாது. நானே நேர்ல போய் முழுசாச் சுத்திப் பார்த்துட்டு வந்தேன்.”

பொறியாளர் இருமவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

“சார்,” என்றார், “அங்க நாம படகுலதான் சுத்திப் பார்த்தோம்.”